டிஸ்ப்ளே வரல

டிசம்பர் 2
அப்பா சிஸ்டம் ஆன் ஆகுது, டிஸ்ப்ளே இல்ல. ஃபேன் சுத்துது, நீல லைட் எரியுது, மானிட்டர்ல 'நோ சிக்னல்'னு ஒரு தடவ வந்துட்டு இருட்டாயிடுது. கேபிள மாத்தியாச்சு, மானிட்டர லேப்டாப்ல சொருகிப் பாத்தாச்சு, அது நல்லாத்தான் இருக்கு. கேப்ஸ் லாக் அமுக்குனா கீபோர்டு லைட் எரியல, அதுதான் வயித்தக் கலக்குது. அது எரிஞ்சிருந்தா உள்ள ஓடுது, படம் மட்டும்தான் வரலன்னு தைரியமா இருந்திருப்பேன்.

டிசம்பர் 3
ஆஸ்பத்திரில 4 டு 5 விசிட்டர் டைம். போயிட்டு வந்தேன்.

டிசம்பர் 4
கேபினெட்டத் தொறந்தா ஒரு காஞ்ச பல்லி, ஃபேன் மேல கம்பளி மாதிரி தூசி. பிரஷ்ஷால தட்டி எடுத்தேன், ரெண்டு ரேமையும் கழட்டி அந்த தங்கக் கலர் பல்ல ரப்பர் வச்சு தேச்சேன், அப்பா இதத்தான் மொதல்ல செய்வாரு, என் பென்சில் பாக்ஸ்லேர்ந்து ரப்பர எடுத்துட்டுப் போயிடுவாரு, கேட்டா முக்காவாசி வியாதி அழுக்குதான்டாம்பாரு. கிளிப் டக்குனு விழுற வரைக்கும் அமுக்கி ஆன் பண்ணேன். ஃபேன். லைட். இருட்டு. கேப்ஸ் லாக் இல்ல. மாப்ள போன்ல, மழை ஈரமா இருக்கும் ஹேர் டிரையர் போடுங்கறாரு. போட்டேன், அதையும் ஏன் விடணும்.

டிசம்பர் 5
"அந்த ஃபைல் கெடச்சுச்சாடா?"
இல்லம்மா.

டிசம்பர் 6
மதர்போர்டுல இருக்க காசு சைஸ் பேட்டரி, 3 வோல்ட் காட்டணும், மீட்டர்ல 2.3 தான். கரண்ட் வயரப் புடுங்கி, பழச எடுத்து அரை மணி நேரம் விட்டுட்டு புதுசு போட்டேன். அதே இருட்டு.

டிசம்பர் 7
மாஸ்க்க நகத்திட்டு அப்பா கேட்ட மொதல் கேள்வி, "யூபிஎஸ்ஸ ஆஃப் பண்ணியா?"
பண்ணிட்டேன்னேன். பண்ணல.

டிசம்பர் 9
ரிச்சி ஸ்ட்ரீட். முட்டளவு இல்ல, ஆனா செருப்பு நனையுற அளவு தண்ணி. கடைக்காரர் நான் பேசி முடிக்கறதுக்குள்ளயே, "ஃபைல்தானே சார் வேணும், டிஸ்ப்ளே வரலன்னா ஹார்ட் டிஸ்க் போச்சுன்னு அர்த்தமில்ல, கழட்டி யூஎஸ்பி கேஸ்ல போட்டு லேப்டாப்ல சொருகுங்க"ன்னுட்டாரு. எனக்கு இது தெரியாதா? ஒரு வாரமா தெரியும். கேஸும் வாங்குனேன், போர்டுல சொருகுற குட்டி ஸ்பீக்கரும் வாங்குனேன். வீட்டுக்கு வந்து அஞ்சு நிமிஷத்துல ஃபைல எடுத்து அம்மாவுக்கு அனுப்பியாச்சு. அப்பாடான்னாங்க. ஹார்ட் டிஸ்க்க திரும்ப மாட்டிட்டேன். அப்புறம் எதுக்குடா ராத்திரி ஸ்க்ரூ டிரைவரோட உக்காந்திருக்கன்னு கேக்கறாங்க.

டிசம்பர் 10
ரெண்டு ரேமையும் வெளிய எடுத்துட்டு, ஸ்பீக்கர மாட்டி ஆன் பண்ணேன். ரேம் இல்லன்னா போர்டு கத்தணும். கத்தலன்னா போர்டோ ப்ராசஸரோ காலி. ரெண்டு செகண்ட் ஒண்ணுமே இல்ல, எனக்கு கை சில்லிட்டுப் போச்சு, அப்புறம் பீப், பீப், பீப்னு நிக்காம கத்துது. நடுராத்திரில அத கேட்டு சிரிச்சிட்டிருந்தேன்.

டிசம்பர் 11
அடுத்த வாரம் பாக்கலாங்கறாரு டாக்டர். எத?

டிசம்பர் 12
ஒரு ரேம் மட்டும், மொத ஸ்லாட்: இருட்டு. இன்னொரு ரேம், அதே ஸ்லாட்: இருட்டு. ரெண்டாவது ஸ்லாட்ல போட்டேன், ஒரே ஒரு பீப், வெள்ள எழுத்து வந்துச்சு. அந்த ஒரு ஸ்லாட்தான் போயிருக்கு, இத்தன நாளா ரெண்டையும் சேத்து சேத்து மாட்டிட்டிருந்திருக்கேன் மடையன். தேதி 01/01/2012ன்னு காட்டுது, எஃப்1 அமுக்கச் சொல்லுது. அமுக்குனேன். கேப்ஸ் லாக் எரியுது. விண்டோஸ் வந்துச்சு, ஊட்டி படம், டெஸ்க்டாப் ஃபுல்லா அவரோட 'நியூ ஃபோல்டர்'.

தேதிய மாத்தல. ஷட் டவுனும் பண்ணல, மறுபடி வருமான்னு பயம்.

11.40. கரண்ட் போச்சு. யூபிஎஸ் கத்துது, பேட்டரி பழசு, மிஞ்சிப்போனா பத்து நிமிஷம்