வரைபடத்தை மாடு குடிக்காது

பெங்களூரு பீன்யாவில் எங்கள் அலுவலகம். நாங்கள் நிரல் எழுதும் கருவிகள் போய் உட்காருவதோ ஆஸ்திரேலிய மாட்டுப் பண்ணைகளின் தண்ணீர்த் தொட்டிகளில். தொட்டிக்குத் தொட்டி பல கிலோமீட்டர். கைப்பேசிக் கோபுரம் என்ற பேச்சே இல்லை. அதனால் நீர்மட்டம் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகப் போகிறது. சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 சுற்றுகின்றன. எங்கே நின்றாலும் ஒன்றாவது வானில் இருக்கும். வானம் எங்களைப் படுத்தவில்லை. படுத்தியது பட்டியல்.

எங்கள் மோடம் ஒரு செய்தியில் அதிகபட்சம் 340 பைட் அனுப்பும். கட்டணமும் பைட் கணக்கில்தான். வாடிக்கையாளர் கேட்டதோ நீர்மட்டம், வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், இன்னும் என்னென்னவோ, அதுவும் நிமிடத்துக்கு ஒருமுறை. வைஃபையில் பழகிய பிள்ளைகள் அதை அப்படியே ஜேசானில், அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் அதன் பெயரையும் எழுத்தாகவே எழுதும் வடிவத்தில், எழுதினார்கள். ‘டெம்பரேச்சர்’ என்ற பெயருக்கு மட்டும் ஆங்கிலத்தில் 11 எழுத்து, அதாவது 11 பைட். 27.4 டிகிரியை 274 என்ற முழு எண்ணாக்கினால் இரண்டே பைட்டில் முடிந்துவிடும். எந்த இடத்தில் எது என்று இரு முனைக்கும் தெரிந்திருந்தால் பெயரே வேண்டாம்.

இதெல்லாம் யாருக்கும் தோன்றும். திருவண்ணாமலைக்காரரான எங்கள் மூத்த பொறியாளர் வேறு வேலை செய்தார். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் பென்சிலை ஊன்றி, “இந்த எண் வந்தால் யார் எழுந்துபோய் என்ன செய்வார்?” என்று கேட்டார். பதில் வராத வரியை அடித்தார். நீர்மட்டமும் பேட்டரி நிலையும் மிஞ்சின.

“காற்றழுத்தம் இருந்தால் வரைபடம் அழகாக இருக்கும் அண்ணா” என்றார் விற்பனைப் பிரிவுத் தம்பி.

“வரைபடத்தை மாடு குடிக்காது தம்பி.”

பேட்டரிக்கும் அந்தப் பென்சில் உதவியது. செய்தி அனுப்பும் கணத்தில் மோடம் ஓர் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிறிய லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்து கருவியே அணைந்துவிடக்கூடும். நடுவில் ஒரு சூப்பர் கெப்பாசிட்டர் வைத்தோம்; மெல்ல மெல்ல மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, அனுப்பும் கணத்தில் மொத்தமாகக் கொடுக்கும். மட்டம் சட்டென்று இறங்கினால் உடனே செய்தி. இல்லாவிட்டால், உயிரோடிருக்கிறேன் என்று சொல்ல நாளுக்கு ஒன்று.

இந்தியாவில் உரிய அனுமதியில்லாமல் இத்தகைய கருவியை இயக்கக் கூடாது. மாடியில் ஏறி ஆன்டெனாவை நீட்டிப் பார்க்கும் சுகம் எங்களுக்கு இல்லை; மேசைமேல் போலி மோடம், உண்மைச் சோதனை வாடிக்கையாளர் முற்றத்தில்.

இப்போது ஒரு செய்தி பத்துப் பன்னிரண்டு பைட்தான். மிச்சம் நிறைய இருக்கிறதே என்று வாடிக்கையாளர் புதுப் பட்டியல் அனுப்பியிருக்கிறார். இந்த முறை தொட்டியின் புகைப்படமும் வேண்டுமாம்.