தக்கர் படத்துக்கு தமிழ் சப்டைட்டில்: ஒருவழியா சிங்க் உக்காந்துருச்சு

ரெண்டு வாரமா உசுர வாங்குன சிங்க், அதாவது பேச்சும் கீழ வர்ற எழுத்தும் ஒரே நேரத்துல வர்றது, நேத்து ராத்திரி ஒன்றரை மணிக்கு உக்காந்துருச்சு, அந்த சந்தோஷத்துல எழுதுறேன். படம் 'தி ஸ்ட்ராங்லர்ஸ் ஆஃப் பாம்பே', 1959, ஹேமர்ங்கிற பிரிட்டிஷ் படக் கம்பெனி, டெரன்ஸ் ஃபிஷர் டைரக்‌ஷன். தக்கர்னா வழிப்போக்கருங்கள கழுத்த நெரிச்சுக் கொன்னு கொள்ளையடிக்கிற கூட்டம். கதை நடக்குறது 1820கள்ல, கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி நடந்த இந்தியாவுல, ஆனா எடுத்தது இங்கிலாந்துல பிரே ஸ்டுடியோவுல, அதனால காடும் கோயிலும் பார்த்தா சிரிப்புதான் வரும்.

என்கிட்ட இருந்த இங்கிலீஷ் ஃபைல் PAL டிவிடிக்கு (ஐரோப்பா டிவி முறை) போட்டது, அதாவது செகண்டுக்கு 25 ஃபிரேம். வீடியோவோ வேற. மொதல் டயலாக்க கரெக்டா வச்சா பத்து நிமிஷத்துல 24 செகண்ட் முன்னாடி ஓடிருது, எவனோ கத்துறதுக்கு முன்னாடியே கீழ "ஐயோ"ன்னு வருது. நான் முட்டாள் மாதிரி ஒவ்வொரு சீனா கையால தள்ளிட்டு இருந்தேன், மூணு ராத்திரி அதுக்கே போச்சு. அப்புறம்தான் 'சப்டைட்டில் எடிட்'ங்கிற சாஃப்ட்வேர்ல ஃபிரேம் ரேட் மாத்துற இடம் இருக்கேன்னு ஞாபகம் வந்து 25ல இருந்து 24ன்னு போட்டேன், ஆஹான்னு போய் படுத்துட்டேன். மறுநாள் கடைசி சீன பார்த்தா இன்னும் அஞ்சு செகண்ட் கிட்ட முன்னாடி வருது! வீடியோ 24 இல்ல, 23.976. அந்த துக்கடா வித்தியாசம் 80 நிமிஷ படத்துல 4.8 செகண்டா வந்து நிக்குது. அத மாத்துனதும் எல்லாம் டக்குன்னு உக்காந்துச்சு.

இன்னொரு கடுப்பு, எழுத்து எண்ணிக்கை. 'நெரிப்பவர்கள்' நமக்கு எட்டு எழுத்து, சாஃப்ட்வேர் கொம்பு, புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணி 13ங்குது. வரி நீளமாயிருச்சுன்னு பாதி வரி செவப்பா நிக்குது, நான் கண்டுக்கறதே இல்ல.

வார்த்தையில மாட்டுனது 'ரூமால்'தான், அதான் கழுத்த நெரிக்கிற துணி. கைக்குட்டைன்னு போட்டா பயமே வரல, சுருக்குத் துணின்னா நீளம். அப்புறம் ஊர்ல கல்யாணத்துல உருமால் கட்டுவாங்களேன்னு பொறி தட்டுச்சு, ரெண்டும் ஒரே பாரசீக வார்த்தை. எங்க அப்பாரு தலையில கட்டுன அதே உருமால்ல ஒருத்தன கொல்றாங்கன்னு வரும்போது எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு, அதையே வச்சுட்டேன். தக்கர்ங்கிறத மாத்தல. ஷெர்வுட்னு ஒருத்தர் 1816ல மெட்ராஸ்ல எழுதுன கட்டுரையில தெக்க இவங்கள பான்சிகர்னு சொல்றாரு, ஆசையா இருந்துச்சு, ஆனா யாருக்குப் புரியும்?

டிஸ்க் பத்தி கேக்காதீங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்குனேன், 'புதுசு மாதிரி'ன்னு சொல்லி அனுப்புனாங்க, நடுவுல ஒரு இடத்துல சிக்கி சிக்கி ஓடுது, திருப்பி கேட்டா பதிலே இல்ல.

இப்ப 50 நிமிஷம் வரைக்கும் மொழிபெயர்த்தாச்சு. ஜார்ஜ் பாஸ்டெல் பூசாரியா வந்து பண்ற பிரசங்கம்தான் இழுக்குது, சாமியாடி பேசுற தமிழ்ல போட்டா காமெடி ஆகுது, செந்தமிழ்ல போட்டா பட்டிமன்றம் ஆகுது. ஹீரோவா வர்ற நடிகர் கை ரோல்ஃப தரையில கட்டிப்போட்டு நாகம் வர்ற சீன்ல கீரிக்கு மட்டும் டயலாக் இல்ல, அந்த புண்ணியம் போதும். இதுக்குள்ள 'தி டெரர் ஆஃப் தி டாங்ஸ்' ஃபைலையும் தொறந்து வச்சுட்டேன், 1961, ஹாங்காங் கதை, கிறிஸ்டோபர் லீ. அதுவும் 25 ஃபிரேம்தான்.