காரி தண்ணீர் குடித்த இரவு

குதிரைகளோடு முகாமிடக் கிளம்பிய எங்கள் முதல் பயணம் வாசலைத் தாண்டவில்லை. கூடாரம், சேணம், தீவனம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கூட வருவதாக இருந்த பக்கத்துப் பண்ணைப் பெண்மணி, "காகின்ஸ் தாளைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்றார். குதிரையின் இரத்தச் சோதனை முடிவு இருக்கும் தாள் அது. எடுத்துக் கொடுத்தேன். என் குதிரை காரிக்கு இரத்தம் எடுத்து 12 மாதமும் ஒன்பது நாளும் ஆகியிருந்தன. டெக்சாஸின் மாநிலப் பூங்காவுக்குக் குதிரையைக் கொண்டுபோக வேண்டுமானால், கடந்த 12 மாதத்துக்குள் எடுத்த சோதனை முடிவு கையில் இருக்க வேண்டும். அவர் ஒன்றும் பேசாமல் தம் பெண்குதிரையை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்.

ஒன்பது நாளுக்காகவா என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று மாலை அவரே வந்து விளக்கியபோதுதான் வாயடைத்துப் போனேன். லெராய் காகின்ஸ் என்ற கால்நடை மருத்துவ ஆய்வாளர் வகுத்த அந்தச் சோதனை, குதிரைகளுக்கு வரும் ஒரு தொற்று இரத்தசோகையைக் கண்டுபிடிக்கிறது. அதற்கு அமெரிக்காவில் தடுப்பூசி இல்லை, மருந்தும் இல்லை. கடித்து இரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்கு அதைக் கடத்துகின்றன. நோய் தொற்றிய குதிரை பார்வைக்கு நல்ல திடமாக இருந்தாலும் சாகும்வரை அந்த வைரஸைச் சுமந்துகொண்டிருக்கும். சோதனையில் பிடிபட்டால் கருணைக்கொலை; இல்லையென்றால் மற்றக் குதிரைகளிடமிருந்து 200 கஜம் தள்ளி ஆயுள் முழுக்கத் தனிமை. முகாமில் எங்கெங்கிருந்தோ வந்த குதிரைகள் இரவெல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன. தன் குதிரைக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று அவர் கேட்டது நியாயம்தான்.

மருத்துவர் வந்து மறுபடி இரத்தம் எடுத்தார். நெற்றிச் சுட்டி, காலில் உள்ள வெள்ளை என்று ஒவ்வோர் அடையாளத்தையும் படத்தோடு பதிவு செய்தார். ஆய்வக முடிவு வர சில நாள் ஆனது. குதிரையோடு முகாமிட நினைப்பவர்கள் இடத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே இந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள். தாளின் நகல் ஒன்று வண்டியிலும் ஒன்று கைபேசியிலும் இருக்கட்டும்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது பண்டேரா ஊருக்குத் தென்மேற்கே இருக்கும் ஹில் கன்ட்ரி மாநில இயற்கைப் பகுதி. சான் அன்டோனியோவுக்கு அருகே குடியிருக்கும் எங்களுக்குக் குதிரைகளை ஏற்றிய இழுவை வண்டியைக் காரில் இழுத்துக்கொண்டு ஓரிரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தூரம். ஒரு பண்ணைக் குடும்பம் மாநிலத்துக்குக் கொடுத்த நிலத்தில் உருவான பகுதி அது. 5,000 ஏக்கருக்கு மேல், சுமார் 40 மைல் பாதைகள். சுண்ணாம்புக்கல் குன்றுகள் என்பதால் ஒரு வாரம் முன்பே காரிக்குப் புது லாடம் கட்டினோம். லாடமில்லாத குதிரையை அந்தக் கல்லில் நடக்க வைப்பது கொடுமை.

அங்கே குடிதண்ணீர் கிடையாது. நமக்குச் சில கேன்கள் போதும். குதிரைக்கோ நாளொன்றுக்கு 5 முதல் 10 கேலன் வரை வேண்டும். வெயிலில் உழைத்தால் இன்னும் அதிகம். இரண்டு குதிரை, இரண்டு நாள், 40 கேலன் என்று கணக்குப் போட்டு, ஏறத்தாழ 150 லிட்டரை வீட்டுக் குழாயிலிருந்தே பீப்பாயில் நிரப்பிக்கொண்டோம். பழகிய தண்ணீரென்றால் குதிரை தயங்காமல் குடிக்கும் என்று நம்பினேன்.

நவம்பர் வெள்ளிக்கிழமை பிற்பகல் போய்ச் சேர்ந்தோம். அடைப்பில் விட்டதும் காரி வேலியோரமாகவே சுற்றிச் சுற்றி வந்தான். உலர்புல்லைத் தின்றான். வாளியில் மூக்கை வைத்தான், மேலுதட்டைச் சுருட்டினான், விலகிப் போனான். இரவு எட்டு மணிக்கும் அப்படியே. தண்ணீர் வீட்டுத் தண்ணீர்தான், ஆனால் பீப்பாய் புதியது. நானே ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் நெடி நாக்கில் ஒட்டியது.

இதை நான் அலட்சியம் செய்ய முடியாததற்குக் காரணம் அந்தப் புல். இங்கே எல்லோரும் போடும் கோஸ்டல் பெர்முடா நம் அருகம்புல்லின் கலப்பின வகை. மெல்லிய இழை. போதிய தண்ணீர் இல்லாமல் நிறையத் தின்றால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அடைத்துக்கொள்ளக்கூடும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்றுவலி முற்றினால் அறுவை சிகிச்சைவரை போகும், உயிரும் போகலாம். குளிர் ஏறிக்கொண்டிருந்த இரவு; குளிரில் குதிரைகள் இயல்பாகவே குறைவாகக் குடிக்கும்.

பக்கத்துப் பண்ணைப் பெண்மணி பதறவில்லை. மிச்சமிருந்த உலர்புல்லை வாளித் தண்ணீரில் ஊறவைத்துச் சொட்டச் சொட்டப் போடச் சொன்னார். எங்கள் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த ஆப்பிள் சாற்றில் ஒரு குவளையை இன்னொரு வாளியில் கலந்தார். காரியின் ஈறை விரலால் அழுத்திக் காட்டினார்: வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்கிறது, நல்லது. விலாவுக்குப் பின்னே காதை வைத்துக் கேட்கச் சொன்னார். உள்ளே தூரத்து இடிபோல உருண்டுகொண்டிருந்தது. "சத்தம் கேட்கும்வரை பயமில்லை. தரையைக் காலால் பறித்தாலோ, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, படுத்துப் புரண்டாலோ உடனே என்னை எழுப்புங்கள்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

நான் படுக்கவில்லை. நாற்காலியைப் போட்டு அடைப்புக்கு அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். ஊறிய புல்லைத் தின்றான், அதில் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போயிருக்கும். மணிக்கு ஒருமுறை காதை வைத்துக் கேட்டேன். பதினொன்றரைக்கு லத்தி போட்டான். அதைக் கைவிளக்கில் பார்த்து அவ்வளவு மகிழ்ந்தேன். மூன்று மணி இருக்கும், பக்கத்து அடைப்பிலிருந்த பெண்குதிரை தன் வாளியில் நீளமாக உறிஞ்சிக் குடித்தது. காரி காதை அந்தப் பக்கம் திருப்பினான். மெல்ல நடந்து வந்து ஆப்பிள் சாறு கலந்த வாளிக்குள் மூக்கை வைத்தான். அவன் குடிப்பது ஒவ்வொரு மிடறாகத் தொண்டையில் ஏறியது. வாளி காலியானது. இரண்டாவது வாளியில் சாறு கலக்காமலே வைத்தேன். அதிலும் பாதி குடித்தான்.

சனிக்கிழமை ஆறு மைல் போனோம். பாதையோரச் செடிகளில் சோட்டோல் என்பதன் இலை விளிம்பு அரம்போல் இருக்கும். குதிரையின் கால் உரசாமல் நடுவிலேயே நடத்த வேண்டும். குன்றின் உச்சியில் அரை மணி நேரம் இறங்கி நின்றோம். அவனுடைய பிடரியில் வியர்வை காயும் வாசனையும் காற்றும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை.

கிளம்பும் முன் அடைப்பிலிருந்த லத்தியையும் சிந்திய புல்லையும் ஒரு துரும்பு விடாமல் வாரினோம். அடுத்து வருபவரின் குதிரை சுத்தமான தரையில் நிற்க வேண்டும் என்பதில் பக்கத்துப் பண்ணைப் பெண்மணி கண்டிப்பானவர். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பீப்பாயைச் சமையல் சோடா போட்டுக் கழுவி, மூடியைத் திறந்து பல நாள் வெயிலில் வைத்தேன். இப்போதெல்லாம் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே காரிக்கு அந்தப் பீப்பாய்த் தண்ணீரைத்தான் வைக்கிறேன். அவன் மறுக்காமல் குடித்த பிறகே இடத்தைப் பதிவு செய்கிறேன்.