தொலைபேசியை வைத்தது யார்?

சென்ற மாதம் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் தங்கையின் மகள், உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிப்பவள், தன் கைபேசியில் ஒரு துண்டுக் காணொளியைக் காட்டினாள். ஆப்கானிஸ்தானில் ஆயுதம் தாங்கியவர்கள் ஒரு வளவைச் சூழ்ந்து காத்திருக்கிறார்கள். உள்ளே ஒசாமா பின்லாடன் இருக்கிறார். அவரைப் பிடிக்க அனுமதி கேட்டு வாஷிங்டனுக்கு அழைப்புப் போகிறது. மறுமுனையில் உள்ள உயரதிகாரி பொறுப்பேற்க மறுத்துத் தொலைபேசியை வைத்துவிடுகிறார். "பெரியம்மா, இந்த ஆள் போனை வைக்காம இருந்திருந்தா அவ்வளவு சனமும் தப்பியிருக்கும், என்ன?" என்று அவள் கேட்டாள்.

அது செய்திப் படம் அன்று. 2006 செப்டெம்பர் 10, 11 ஆம் திகதிகளில், 2001 செப்டெம்பர் 11 தாக்குதலின் ஐந்தாவது நினைவு நாளையொட்டி, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'த பாத் டு 9/11' என்ற இரு பகுதி நாடகத்தின் முன்னோட்டப் பிரதியில் இருந்த காட்சி. தொலைபேசியை வைக்கும் பாத்திரம், ஜனாதிபதி கிளின்டனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த சாண்டி பேர்கர். அப்படியொரு சம்பவமே நடக்கவில்லை என்று அவர் அப்போதே மறுத்தார். தாக்குதலை விசாரித்த ஆணைக்குழுவின் 2004 ஆம் ஆண்டு அறிக்கையும் வேறொன்றையே சொல்கிறது: பின்லாடனைப் பிடிப்பதற்காக 1998 இல் வகுக்கப்பட்ட திட்டத்தைக் கைவிடும் முடிவைத் தானே எடுத்ததாக அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏயின் அப்போதைய பணிப்பாளர் ஜோர்ஜ் டெனட் ஆணைக்குழுவிடம் கூறியிருக்கிறார். அந்த ஆணைக்குழுவின் தலைவராக இருந்த தோமஸ் கீன்தான் நாடகத்தின் ஆலோசகர் என்பது இதைவிட வருத்தம் தருவது. தொலைபேசியை அறைந்து வைக்கும் செய்கை எழுத்துப் பிரதியில்கூட இருக்கவில்லையென்றும் படப்பிடிப்பின்போது தற்செயலாக வந்ததென்றும் எழுத்தாளரே பின்னர் ஒப்புக்கொண்டார். எதிர்ப்பு வலுத்ததும் ஏபிசி சில நிமிடங்களை வெட்டியது, அந்தச் செய்கையும் அதோடு போனது. ஆனால் என் பெறாமகளின் கைபேசிக்கு வந்து சேர்ந்தது வெட்டப்படாத துண்டுதான்.

இதே நாடகத்தில் விமானங்களைக் கடத்தியவர்களில் ஒருவரான முகமது அட்டா பொஸ்டன் விமான நிலையத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் முகப்பில் நிற்கும்போது கணினி அவரைப் பற்றி எச்சரிப்பதுபோலவும் ஊழியர்கள் அதைப் பொருட்படுத்தாமல் விடுவதுபோலவும் ஒரு காட்சி வந்தது. உண்மையில் அந்த எச்சரிக்கை மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில், இன்னொரு நிறுவனத்தின் முகப்பில் நடந்தது. சிறு பிழை என்று இதை விட்டுவிட முடியாது. பல்லாயிரம் பேர் பார்க்கும் திரையில், செய்யாத தவறு ஒன்று அங்கு வேலை செய்தவர்களின் தலையில் ஏற்றப்பட்டது.

இத்தகைய பெருந்துயர்களில் தவறு பெரும்பாலும் காகிதங்களுக்குள்ளே நடக்கிறது. ஒரு எச்சரிக்கை ஒரு மேசையில் தங்குகிறது, அடுத்த மேசைக்குப் பிந்திப் போகிறது, போன இடத்தில் வாசிப்பார் இல்லாமல் கிடக்கிறது. பத்து இருபது பேர் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறிய இந்தக் கதையை நாடகத்தால் அப்படியே காட்ட முடியாது. அதற்கு ஒரு முகமும் ஒரு கணமும் வேண்டும். அந்த முகம் யாருடையது என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் அரசியல் நுழைகிறது. அறிக்கை எழுதுபவர் "தெளிவாகவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே செல்லலாம். கமராவுக்கு அந்த வசதி இல்லை, யாரோ ஒருவர் தொலைபேசியைக் கையில் எடுத்தே ஆக வேண்டும்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதை என்னால் தூரத்துச் செய்தியாக எண்ண முடியவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், எங்கள் நகரின் சியோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் ஏறத்தாழ 30 பேர் கொல்லப்பட்டார்கள்; அவர்களில் பாதிப்பேர் வரை சிறுவர்கள். இந்தியாவிடமிருந்து எச்சரிக்கை ஏப்ரல் 4 ஆம் திகதியே வந்திருந்தது. ஏப்ரல் 11 இல் பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரின் கையொப்பத்துடன் கடிதமும் சென்றது. அந்தக் கடிதம் யார் யாருடைய மேசைகளில் கிடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கொதிக்கிறது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஒருவரை மட்டும் குற்றம் சொல்லவில்லை: முன்னாள் ஜனாதிபதி, பாதுகாப்புச் செயலாளர், பொலிஸ் மா அதிபர், புலனாய்வுப் பொறுப்பாளர்கள் என்று பலர் மக்களின் அடிப்படை உரிமையை மீறியதாகக் கண்டு, வெவ்வேறு தொகைகளில், முன்னாள் ஜனாதிபதி 100 மில்லியன் ரூபாய் என்ற அளவில், நட்டஈடு செலுத்தப் பணித்தது. பின்னணியில் இருந்தவர்கள் யார் என்ற வாதம் இன்றும் அரசியல் மேடைகளில் ஓயவில்லை. நாளைக்கு யாரேனும் இதைத் தொலைக்காட்சி நாடகமாக எடுத்தால், தயாரிப்பவரின் கட்சிக்கு ஏற்ப அந்தத் தொலைபேசி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும். அதைவிட நான் அஞ்சுவது, ஒரு முழு ஊரையே, தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவனின் ஊர் என்பதற்காகக் காத்தான்குடியையே, அந்த முகமாக ஆக்கிவிடுவார்களோ என்பதற்கு. எங்களுக்கு அடுத்த ஊர் அது. அங்குள்ளவர்களோடு நாங்கள் நாளும் பொழுதும் வாழ வேண்டும்.

கற்பனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1986 அணுவுலை விபத்தைப் பற்றிய 'செர்னோபில்' தொடரில் வரும் உலானா ஹோமியுக் என்ற விஞ்ஞானி படைக்கப்பட்ட பாத்திரம். உழைத்த பல விஞ்ஞானிகளின் சார்பாக உருவாக்கப்பட்டவர் என்று தொடரின் முடிவிலேயே எழுதிக் காட்டினார்கள். அதில் எனக்குக் குறையில்லை. என்னை உறுத்துவது அதன் கடைசிப் பகுதி. அந்த விபத்தை ஆராய்ந்த உண்மையான விஞ்ஞானி வலேரி லெகாசோவ் விசாரணை மன்றில் எழுந்து நின்று முழு உண்மையையும் சொல்கிறார். 1987 இல் நடந்த அந்த விசாரணையில் அவர் இருக்கவே இல்லை. அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதால் யார் மீதும் பொய்ப்பழி விழவில்லை என்பது உண்மைதான். ஆனால் மன்றில் உண்மை முழங்கிய ஒரு நாள் இருந்ததாக அந்தக் காட்சி நம்மை நம்பவைக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஆணைக்குழுக்கள் முன்னால் பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு சாட்சி சொல்லிச் சொல்லிக் களைத்த எங்கள் பக்கத்துத் தாய்மாரை அறிந்தவர்களுக்கு, அப்படியொரு நாள் வராமல் போவது எவ்வளவு பெரிய உண்மை என்பது தெரியும்.

எங்கள் ஊர்க் கூத்தும் கதையை மாற்றுகிறது. இராவணனைத் துன்பியல் நாயகனாக்கி இங்கே ஆடியிருக்கிறார்கள்; நானும் கண் கலங்கப் பார்த்திருக்கிறேன். ஆனால் கூத்து ஆடும் களரியைச் சுற்றி இருப்பவர்களுக்கு மூலக்கதை மனப்பாடம், கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் எங்கே திருப்பினார் என்பதைக் கிழவிகள்கூடச் சொல்லுவார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கோ அந்த நாடகமே மூலக்கதை ஆகிவிடுகிறது. "சில காட்சிகள் கற்பனையானவை" என்ற அட்டை சில விநாடிகள் வந்து மறைகிறது. எந்தக் காட்சி என்று அது சொல்வதில்லை. துண்டாக வெட்டிப் பகிரும்போது அந்த அட்டையும் கூட வருவதில்லை.

தடைதான் வழியா என்றால், அதையும் நான் ஏற்கவில்லை. 2021 இல் 'த ஃபேமிலி மேன்' என்ற இந்திய இணையத் தொடரின் இரண்டாம் பருவத்தில் ஈழத் தமிழர் சித்திரிக்கப்பட்ட விதத்துக்காக அதைத் தடை செய்யும்படி தமிழ்நாட்டு அமைச்சர் ஒருவர் மத்திய அரசுக்கு எழுதினார். அந்தக் கோபத்தின் நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் ஏபிசி நாடகத்துக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்க்கிறேன். அது குறுந்தட்டாக வெளிவரவேயில்லை. முழுமையாகப் பார்த்து அறிக்கையோடு ஒப்பிட்டு வாதாட வழி இல்லாமற்போக, பழி சுமத்தும் துண்டு மட்டும் கைபேசிகளில் உலவுகிறது.

பெறாமகளுக்கு அன்றிரவே ஆணைக்குழு அறிக்கையை இணையத்தில் எடுத்துக் கொடுத்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டெனட் பற்றிய பகுதியை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு, "அப்ப எங்கட ஏப்ரல் 11 கடிதம் தமிழில எங்க கிடைக்கும் பெரியம்மா?" என்று கேட்டாள். அவளுக்காக அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.