ஐந்தாம் எண் சட்டை

2007இல் நர்ஸ் வேலைக்காக அயர்லாந்தின் லிமெரிக் நகருக்கு வந்தபோது ரக்பி பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. காலையில் மருந்து கொடுக்கப் போனால், இரவு தூங்கினார்களா என்று நான் கேட்பதற்குள், "சனிக்கிழமை பாலி ஆடுவானா?" என்று கட்டிலுக்குக் கட்டில் பேச்சு ஓடும். வார்டு முழுவதற்கும் பொதுவான ஒரு சொந்தக்காரன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்தான் ரக்பி வீரர் பால் ஓ'கானல். 1979இல் இதே ஊரில் பிறந்தவர், ஆறரை அடி உயரம். சிறுவயதில் நீச்சல்காரர். பிறகு யங் மன்ஸ்டர் கிளப், மன்ஸ்டர் மாகாண அணி, அயர்லாந்து அணி. டப்ளினில் ரக்பி என்றால் கட்டணப் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம். லிமெரிக்கில் கூலித் தொழிலாளியும் வக்கீலும் தோளோடு தோள் உரசி நின்று பார்க்கிறார்கள். இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவே முதல் காரணம்.

ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு முதியவர். சாப்பாட்டு மேசையில் இரண்டு மருந்துக் கிண்ணங்களை வைத்து, நடுவே என் பேனாவை நிமிர்த்திப் பிடித்தார். "இந்த இரண்டு பேரும் தொடையைப் பிடித்துத் தூக்குவார்கள். மேலே போய்ப் பந்தைப் பறிப்பவன்தான் பாலி." பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடரும் முறை, அதுதான் லைன்-அவுட். பந்து யாருக்கு வரும் என்பதைச் சங்கேதச் சொல்லால் சொல்லிக்கொள்வார்கள். எதிரணியின் வீடியோக்களை மணிக்கணக்கில் பார்த்து அவர்களுடைய லைன்-அவுட்டைப் படித்துவைப்பது ஓ'கானலின் வழக்கம். பலத்தைவிட அந்த உழைப்பைச் சொல்லும்போதுதான் முதியவரின் கண்கள் மின்னின.

2002இல் வேல்ஸுக்கு எதிரான முதல் சர்வதேச ஆட்டத்திலேயே அவர் டிரை அடித்தார், அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தார். ஆனால் தலையில் பட்ட அடியால் அது அவருக்கு நினைவிலேயே இல்லை. எல்லோரும் பெருமையாகச் சொல்லும் கதை இது. நர்ஸாக எனக்கு வயிற்றைக் கலக்கும். இன்று அப்படி அடிபட்டால் உடனே வெளியே அழைத்துப் பரிசோதிக்கிறார்கள், அதுதான் சரி.

2009இல் ஆறு நாடுகள் போட்டியின் எல்லா ஆட்டங்களிலும் ஜெயித்து அயர்லாந்து கிராண்ட் ஸ்லாம் வென்றது, 61 ஆண்டுகளுக்குப் பிறகு. அந்தக் கோடையில் தென்னாப்பிரிக்கா சென்ற, பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்த லயன்ஸ் அணிக்கு அவரே கேப்டன்.

அப்பா எங்களைப் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த குளிர்காலத்தில், மன்ஸ்டர் அணியின் மைதானமான தாமண்ட் பார்க்குக்கு அழைத்துப்போனேன். பந்தை உதைக்க எதிரணி வீரர் தயாரானார். அதுவரை தொண்டை கிழியக் கத்திய கூட்டம் சட்டென்று அடங்கியது. எங்கோ ஒரு குழந்தையின் இருமல் கேட்டது. அப்பா என் காதோடு, "என்னம்மா, யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா?" என்றார். உதைப்பவர் யாராக இருந்தாலும் இங்கே மௌனம்தான் மரியாதை என்றேன். ஊர் திரும்பியும் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

2015 அக்டோபர் 11. உலகக் கோப்பையில் பிரான்ஸுடன் கார்டிஃபில் ஆட்டம். இடைவேளை நெருங்கும் நேரத்தில் ஓ'கானலின் ஐந்தாம் எண் சட்டை தரையை விட்டு எழவில்லை. தொடையின் பின்தசை எலும்பிலிருந்தே பிய்ந்துபோயிருந்தது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். வார்டின் தொலைக்காட்சி முன்னால் தாமண்ட் பார்க்கின் அதே மௌனம். 24-9 என்று அயர்லாந்து வென்றபோதும் அன்று யாரும் பெரிதாகக் கைதட்டவில்லை. அயர்லாந்துக்காக 108 ஆட்டங்கள் ஆடியவர், உலகக் கோப்பை முடிந்ததும் பிரான்ஸின் துலோன் அணிக்குப் போவதாக இருந்தார். அந்தத் துலோன் சட்டையை ஒரு ஆட்டத்தில்கூட அணியாமல் 2016 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்தார்.

பின்னர் 2018இல் பாரிஸுக்குப் போய், ஒரு பருவம் அங்கே பயிற்சியாளராக இருந்துவிட்டுத் திரும்பினார். தன் ஊரையே முகவரியாகக் கொண்டிருந்த மனிதரும் வேறொரு நாட்டில் புதியவராகப் போய் நின்றாரே என்று அப்போது அவர்மேல் தனியாக ஒரு பாசம் வந்தது.

2021இல் ஒரு நாள் போனில் அப்பா கேட்டார்: "அந்த நெட்டைத் தம்பி இப்போது நன்றாக நடக்கிறானா?"

"நடக்கிறார் அப்பா. அயர்லாந்து பையன்களுக்கு லைன்-அவுட் சொல்லிக்கொடுக்கிறார்."