குப்பியில் தெளியாத தண்ணீர்

அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஐப்பசியில் ஒரே ராத்திரி கொட்டிய மழைக்கு எங்கள் மண்மேட்டின் தென்சரிவு கிழிந்துபோனது. கல்லுக்கு மேலே கிடக்கும் கரிசலையும் களியையும் அள்ளிக் கொட்டி வளர்ந்த மேடு அது. முந்தின நாள் விரல் அகலக் கோடாக இருந்த இடத்தில், விடிந்து பார்த்தால் ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்கு ஓடை. மேட்டைச் சுற்றி வெட்டியிருந்த, கார்லண்ட் டிரெயின் என்று நாங்கள் சொல்லும் வடிகால் தூர்ந்து, தண்ணீர் கரையேறிப் பக்கத்து நடவு வயலுக்குள் போயிருந்தது.

வயலுக்குச் சொந்தக்காரரான பெரியவர் வரப்பில் நின்றிருந்தார். திட்டவில்லை. சேற்றுக்குள் கைவிட்டு ஒரு நாற்றை உருவிக் காட்டினார். குருத்து வரைக்கும் சாம்பல் நிறக் களி அப்பியிருந்தது. "ஏரி வண்டலா இருந்தா கும்புட்டு வாங்கிக்குவேன் தம்பி. இது காஞ்சா ஓடாட்டம் இறுகிடும்" என்றார். நிர்வாகம் நஷ்டஈடு கொடுத்தது. அந்த நாற்று என் மனதைவிட்டுப் போகவில்லை.

வண்டல் படியவிடும் குளத்தைப் பெரிதாக்கினால் போதும் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். நானும்தான். குளத்துத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஆபீஸ் ஜன்னலில் வைத்தேன். மணல் கை எடுப்பதற்குள் அடியில் உட்கார்ந்தது. மதியத்துக்குள் நுண்மண்ணும் இறங்கியது. மூன்றாம் நாளும் மேலே பால்கலந்த டீ நிறம் அப்படியே இருந்தது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 0.02 மில்லிமீட்டர் துகள் அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க முக்கால் மணி நேரம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள களித்துகளுக்கு நூறு மடங்கு நேரம், அதாவது மூன்று நாளுக்கு மேல் வேண்டும். மழைக்காலத்தில் எந்தக் குளம் மூன்று நாள் அசையாமல் கிடக்கும்? படிகாரம் போட்டுத் தெளியவைக்கலாம், நாங்களும் போட்டோம். ஆனால் களி ஒருமுறை தண்ணீரில் கரைந்துவிட்டால் பாதி காரியம் கைவிட்டுப் போனதுதான்.

அதற்குப் பிறகுதான் மேட்டின் தலைக்கு ஏறிப் பார்த்தேன். ஒரு ஹெக்டேரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர். எங்கள் மேட்டின் தலை நாலு ஹெக்டேர். டம்பர்கள் ஓரத்துக்குப் போய்க் கொட்டிக் கொட்டித் தரை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. விழுந்த மழையெல்லாம் சரிவின் ஒரே பள்ளத்தைத் தேடி ஓடியிருக்கிறது. தினமும் அந்த வழியாக ஜீப்பில் போய்வந்த நான் அதைக் கவனிக்காமல் விட்டது என் பிழை.

கோடையில் தலையை உள்பக்கம் சாயும்படி டோசர் வைத்து இழைத்தோம். விளிம்பில் இடுப்புயர வரப்பு. சரிவை இடையிடையே படியாக வெட்டி, படிகளையும் உள்ளே சாய்த்தோம். சேரும் தண்ணீர் இறங்க, கழிவுக்கல் பதித்த ஒரே வாய்க்கால். கார்லண்ட் டிரெயினில் முப்பது அடிக்கு ஒரு கல் தடுப்பு. ஆவணி மழைக்கு முன் சரிவில் கொள்ளும் சணப்பையும் விதைத்து, சமமட்டக் கோட்டில் வெட்டிவேர் நட்டோம். குளத்தின் வடிகாலை மாற்றச் சொன்னவர் அந்தப் பெரியவர்தான். குழாயைப் பிடுங்கிவிட்டு அகலமாகக் கலிங்கு கட்டச் சொன்னார். "தண்ணி வழியணும் தம்பி, பாயக் கூடாது."

அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த பையன்களை பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குக் கூட்டிப்போனேன். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களி அங்கே வெட்டவெளியாகக் கிடக்கிறது. புல் பிடிக்காத அந்த மண்ணை மழை சால் சாலாகக் கீறி வைத்திருக்கிறது. மூடாத களியை மழை என்ன செய்யும் என்பதை எந்த வகுப்பிலும் என்னால் அப்படிக் காட்டியிருக்க முடியாது.

அடுத்த கார்த்திகையில் அடைத்துப் பெய்த ஒரு ராத்திரி டார்ச்சோடு மேட்டில் நின்றேன். விளிம்பு வரப்புக்கு உள்ளே தண்ணீர் குளமாக நின்று, கல்வாய்க்கால் வழியே சலசலத்து இறங்கியது. ஓர் இடத்தில் எலி வளை வழியாக ஊற்று கிளம்ப, மண்மூட்டை போட்டு அடைத்தோம். காலையில் கலிங்கில் வழிந்த தண்ணீரைக் குப்பியில் பிடித்தேன். கலங்கல்தான், ஆனால் பின்னால் வைத்த விரல் தெரிந்தது.

பெரியவர் வயலில் அந்த வருஷம் மண் ஏறவில்லை. முதல் மழையில் களி அடைந்த மூலையில் மட்டும் பயிர் இன்னும் வெளிறியே நிற்கிறது. வருஷா வருஷம் ஆட்டுக்கிடை போட்டு உழுகிறார்.