இடது பக்கம், ஆறாவது வரிசை

என் நோட்டில் இரண்டு கணக்கு ஓடுகிறது. முன்பக்கத்திலிருந்து டிராகன் படகுப் பயிற்சிக் கணக்கு; இருபது பேர் சேர்ந்து துடுப்பு வலிக்கிற நீளப் படகு அது. நோட்டைத் திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து என் இரண்டு கைகளின் சுற்றளவுக் கணக்கு. ஒன்பது மாதத்தில் இரண்டும் நடுவில் வந்து முட்டிக்கொண்டன. முட்டிக்கொண்ட பக்கத்தில் நியூசிலாந்து ஏரித் தண்ணீர் பட்டு மை கரைந்திருக்கிறது.

பின்பக்கக் கணக்கின் கதைதான் மூத்தது. 2019இல் இடது மார்பகத்தில் புற்றுநோய். மார்பகத்தோடு அக்குளில் இருந்த 14 நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். முடிச்சுகள் போனால் கையிலிருந்து நிணநீர் வடியும் வழி குறைந்துவிடும். சிலருக்குக் கை வீங்கும். ஒரு தடவை வீங்கிவிட்டால் முழுதாக வற்றுவது கஷ்டம். அதனால் அந்தக் கையில் ஊசி வேண்டாம், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டாம், வெட்டுக்காயம் படக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் அது வேதவாக்கு ஆகிவிட்டது. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டைக்கூட அத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார். மூன்று வருடமாக என் இடது கை விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது.

2022 ஜூலையில்தான் முன்பக்கக் கணக்கு தொடங்கியது. மருந்து வாங்கக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் முன்கைகளைப் பார்த்துவிட்டு, "ஜிம்முக்குப் போவீங்களா அக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் டிராகன் படகுக் குழுவில் துடுப்பு வலிக்கிறவராம். அடுத்த சனிக்கிழமை காலை ஏழரைக்கு, அவர்கள் பயிற்சி செய்கிற காலாங் படுகையில் நின்றுகொண்டிருந்தேன்.

முதல் நாள் படகில் ஏறவே இல்லை. உடை மாற்றும் அறையில் நடந்ததை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். அறுபது வயதைத் தாண்டிய சீனப் பெண் ஒருவர், பேசிக்கொண்டே சிலிகோன் செயற்கை மார்பகத்தை உள்ளாடையிலிருந்து எடுத்து, கைக்குட்டையில் சுற்றி, சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் பைக்குள் வைத்தார். லைஃப் ஜாக்கெட்டுக்குள் உருளுமாம். வானிலையைப் பற்றிச் சொல்கிற தொனி. நான் மூன்று வருடமாகக் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் அதைக் கழற்றிக்கொண்டிருந்தேன், அவருக்குக்கூடத் தெரியாமல். அவர் என்றால் என் கணவர்.

இரண்டாம் வாரம் பயம் வந்துவிட்டது. துடுப்பு வலித்தால் கை வீங்காதா? அப்போதுதான் வான்கூவர் கதையைச் சொன்னார்கள். மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மேலுடம்பால் கடினமான, திரும்பத் திரும்பச் செய்கிற வேலை எதையும் செய்தால் கை வீங்கிவிடும் என்றுதான் முன்பெல்லாம் மருத்துவ உலகமே நம்பியதாம். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி அதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். 1996இல் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைத் திரட்டி, முதலில் உடற்பயிற்சி, அப்புறம் படகு என்று படிப்படியாக ஏற்றினார். அதற்கு டிராகன் படகு தோதான தேர்வு, ஏனென்றால் வேலை பெரும்பாலும் மேலுடம்புக்குத்தான். அந்தப் பருவம் முடிந்தபோது புதிதாக ஒருவருக்கும் கை வீங்கவில்லை. ஏற்கெனவே வீக்கம் இருந்தவர்களுக்கும் அது கூடவில்லை. 1998இல் கனடா மருத்துவச் சங்கத்தின் இதழில் அவர் இதை எழுதினார். அந்தப் பெண்களோ ஆய்வு முடிந்தும் படகை விட்டு இறங்கவில்லை. இன்று பல நாடுகளில் இளஞ்சிவப்புச் சட்டைக் குழுக்கள் இருப்பதற்கு அந்த ஒரு படகுதான் காரணம்.

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கை என்னுடையதாயிற்றே! அன்றிரவே தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். மணிக்கட்டு, அதற்குப் பத்து சென்டிமீட்டர் மேலே, முழங்கை, அதற்கும் பத்து சென்டிமீட்டர் மேலே. இரண்டு கைக்கும் நான்கு நான்கு இடம். மேல்கை வலது 28.6, இடது 29.3. வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டரைத் தொட்டால் டாக்டரிடம் ஓட வேண்டும் என்று கேட்டு வைத்திருந்தேன். அந்த இரண்டுதான் என் லட்சுமணக் கோடு.

ஆறாம் வாரம்: பக்கம் மாற்றிவிட்டார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரிய படகில் இருபது பேர் இரண்டிரண்டாகப் பத்து வரிசை. முன்னால் முரசு, பின்னால் சுக்கான். துடுப்பு படகுக்கு வெளியே இறங்குவதால், வலது பக்கம் உட்கார்ந்தால் வலது கை கீழ்க்கை, இடது கை மேலே பிடியில். இடது பக்கம் உட்கார்ந்தால் இடது கை கீழ்க்கை. தண்ணீரைப் பிடித்து இழுப்பது அதுதான். நான் தந்திரமாக முதல் நாளிலிருந்தே வலது பக்கம் ஒட்டிக்கொண்டேன். ஆனால் படகுக்கு என் தந்திரம் தெரியாதே. இரண்டு பக்கமும் எடை சமமாக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் சாய்ந்துகொண்டே போகும். படகேறும் மிதவை மேடையில் நின்று தலைகளை எண்ணிய கோச் என்னைப் பார்த்து, "நீ இடது. ஆறாவது வரிசை" என்றார். அறுவை சிகிச்சை இடது பக்கம் என்றேன். "உனக்கு முன்னால் இருக்கிறவருக்கும் இடதுதான், பின்னால் இருக்கிறவருக்கு இரண்டு பக்கமும்" என்றார். வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

அன்று நூறு மீட்டர்கூட ஒழுங்காகப் போகவில்லை. என் துடுப்பு முன்னால் இருந்தவரின் துடுப்பில் டக் டக்கென்று இடித்தது. டிராகன் படகில் அந்தச் சத்தம் பந்தியில் தட்டைக் கீழே போடுகிற மாதிரி. எல்லாருக்கும் கேட்கும், யாரும் திரும்ப மாட்டார்கள். இறங்கியதும் மலாய்க்காரப் பெண் ஒருவர், எல்லாருக்கும் அவர் 'கக்' (மலாயில் அக்கா), என் தோளைத் தட்டி, "உன் பக்கத்துத் துடுப்பைப் பார்க்காதே, முதல் வரிசையைப் பார்" என்றார். ஒன்பது மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான யோசனை அதுதான். முதல் வரிசை இரண்டு பேரும் எப்போது துடுப்பை இறக்குகிறார்களோ அப்போது படகே இறக்க வேண்டும். பார்வை அங்கே நின்றால் கை தானாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இன்னொன்றும் அந்த மாதம்தான் பிடிபட்டது. துடுப்பைக் கையால் இழுப்பதில்லை. இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, முன்னால் நீட்டி, அலகு முழுதும் முங்கும்வரை குத்தி, திருப்பிய உடம்பை அவிழ்க்க வேண்டும். வெளிப்பக்கக் கால் தரையை உதைக்க வேண்டும். கை வெறும் கொக்கி. கையால் இழுத்த வாரங்களில் இடது மேல்கை 29.8 வரை போனது. முதுகால் இழுக்கப் பழகிய பிறகு 29.4க்கு இறங்கியது. கோச் திட்டித் திருத்த முடியாததை நாடா திருத்தியது. இது என் ஒரு கையின் கணக்கு மட்டும். பிரஷர் ஸ்லீவ் (வீக்கத்தை அடக்கக் கையில் மாட்டும் இறுக்கமான உறை) போட வேண்டுமா, எவ்வளவு பயிற்சி என்பதையெல்லாம் அவரவர் பிசியோவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நவம்பர், டிசம்பர் பக்கங்களில் பாதி நாள் "மின்னல்" என்று மட்டும் இருக்கிறது. சிங்கப்பூரில் மின்னல் எச்சரிக்கை வந்தால் தண்ணீரிலிருந்து ஏறிவிட வேண்டும். கூரைக்கு அடியில் உட்கார்ந்து கடலை உடைத்துத் தின்றோம். தோழிகள் ஆனது அந்த நாட்களில்தான் என்று நினைக்கிறேன். படகில் பேச நேரம் ஏது?

நியூசிலாந்துக்குப் போகிறவர்களின் பட்டியல் ஜனவரியில் வந்தது. என் பெயர் இருந்தது. அம்மா சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் "உலகக் கோப்பைக்குப் போறா" என்று சொல்லிவிட்டார். அப்படி இல்லை அம்மா. சர்வதேச டிராகன் படகுக் கூட்டமைப்பின் கிளப் உலகப் போட்டிகளில் எங்களைப் போன்றவர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. பதக்கம், மேடை எல்லாம் அங்கே. நாங்கள் போனது எங்களுக்கேயான சர்வதேச விழா. 2005இல் வான்கூவரில் தொடங்கி, சில வருடங்களுக்கு ஒரு முறை நாடு மாறி மாறி நடக்கிறது. 2018இல் இத்தாலியில், ஃப்ளாரன்ஸின் ஆர்னோ ஆற்றில் நடந்தது. அடுத்தது 2022இல் நியூசிலாந்தில் என்று இருந்தது, கொரோனாவால் 2023 ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. கலந்துகொள்வதுதான் முக்கியம் என்று அறிவித்துவிட்டுத்தான் ஓட்டம் விடுகிறார்கள். சரி, அதை நம்பி யாரும் மெதுவாக வலிப்பதில்லை.

எங்களில் மூன்றாம் வரிசை அக்கா வரவில்லை. ஜனவரியில் ஈரலில் திரும்ப வந்திருப்பதாகத் தெரிந்தது. பிப்ரவரி கடைசியில் போய்விட்டார். அவருடைய இருக்கை மெத்தை, கறுப்புப் பஞ்சு, ஓரத்தில் மார்க்கரால் பெயர் எழுதியது, எங்கள் மூட்டையில் தவறிப்போய் வந்துவிட்டது.

பத்து மணி நேர விமானம், முழுக்க ஸ்லீவோடு. ஆக்லாந்து விமான நிலையத்தில் முறுக்குக்கு ஒரு விசாரணை, துடுப்புகளுக்குத் தனி விசாரணை. வேறு நீரில் நனைந்தது எதுவும் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். முந்தின வாரமே பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, பால்கனியில் காய வைத்திருந்தோம். இவ்வளவு கெடுபிடியா என்று முணுமுணுத்தேன். அடுத்த மாதமே அந்த ஏரியில் வெளிநாட்டுச் சிப்பி ஒன்று பரவியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சத்தியமாக நாங்கள் இல்லை.

காராப்பிரோ ஏரி, கேம்பிரிட்ஜ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில். வாய்க்காட்டோ ஆற்றை 1947இல் அணை கட்டித் தேக்கியது. 2010 உலகத் துடுப்புப் படகுப் போட்டி நடந்த இடம். சுற்றிலும் பச்சைக் குன்றுகள், மாடுகள். அங்கே அது இலையுதிர் காலம்; காலையில் எங்களுக்குப் பல் கிட்டியது, ஆஸ்திரேலியாக்காரிகள் கையில்லாத சட்டையில் திரிந்தார்கள். எங்கு பார்த்தாலும் இளஞ்சிவப்பு. கழிப்பறை வரிசையில் முன்னால் நின்ற கனடாப் பாட்டி திரும்பி, "எத்தனை வருடம்?" என்றார். எதிலிருந்து என்று கேட்கத் தேவையில்லாத ஒரே ஊர். "நான்கு" என்றேன். "நான் இருபத்தொன்று" என்றார்.

முதல் ஓட்டம் சொதப்பல். 500 மீட்டர். கொம்பு ஊதும் முன்பே எங்கள் பக்கம் ஒருவர் துடுப்பை இழுத்துவிட, படகு கோணிக்கொண்டது. சுக்கான்காரி நேராக்குவதற்குள் மற்றவர்கள் போயேவிட்டார்கள். கடைசி. நேரத்தை எழுத மனம் வரவில்லை, எழுதவில்லை.

இரண்டாவதற்கு முன் என் மெத்தையைக் காணவில்லை. கக் மூட்டையிலிருந்து மூன்றாம் வரிசை அக்காவின் மெத்தையை எடுத்து என் மடியில் போட்டார். எனக்குத் தயக்கமாக இருந்தது. "உட்கார், அவள் இருந்தால் திட்டியிருப்பாள், ஆனால் கொடுத்திருப்பாள்." உட்கார்ந்தேன். என்னுடையதைவிட நல்ல மெத்தை.

'பேடில்ஸ் அப்.' இருபது துடுப்பும் தண்ணீருக்கு மேலே. கொம்பு. முதல் ஐந்து இழுப்பு ஆழமாக, மெதுவாக. நின்ற படகைக் கிளப்புவது பாறையை நகர்த்துகிற வேலை. அப்புறம் பத்துப் பதினைந்து வேகமாக. அப்புறம் நீட்டி, ஒரே சீராக. நிமிடத்துக்கு அறுபது சொச்சம். அறுபதுவரை எண்ணினேன், பிறகு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. முதல் வரிசையின் தோள்கள் மட்டும். பாதித் தூரத்தில் படகு லேசாகத் தூக்கிக்கொண்டு வழுக்கியது. இருபது பேரும் ஒரே நொடியில் குத்தினால் மட்டும் வருவது, காலாங்கில் மொத்தமே நான்கைந்து தடவை வந்தது. தண்ணீர் படகின் அடியில் சளசளப்பதை விட்டு 'ஸ்ஸ்' என்று ஓடும். மூன்று நிமிடத்துக்கு இரண்டு வினாடி குறைவு. நான்காவது இடம். எங்களுக்கு அதுதான் உலகக் கோப்பை, அம்மா சொன்னது சரியாகப் போயிற்று.

கடைசி ஓட்டத்துக்குப் பிறகு எல்லாப் படகுகளும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. விளிம்பைத் தாண்டி அடுத்த படகுக்காரியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் இடது கையைப் பிடித்தவர் இத்தாலிக்காரி, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. ஆளுக்கு ஓர் இளஞ்சிவப்புக் கார்னேஷன். இல்லாதவர்களுக்காகத் தண்ணீரில் விடுவது எல்லா விழாவிலும் உண்டு. மற்றவர்கள் வீசினார்கள். கக் குனிந்து, தன்னுடையதை மெல்லத் தண்ணீரில் வைத்தார். எனக்கு அழுகை வரவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது, குளிரில் என்று சொல்லிக்கொண்டேன்.

அன்றிரவு நாடா: மேல்கை வலது 29.2, இடது 29.7. இரண்டுமே பருத்திருந்தன, வித்தியாசம் அரை சென்டிமீட்டர். முன்பக்கக் கணக்கில் அன்றைய ஓட்டத்தை எழுதத் தாளைப் புரட்டினால், எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக இந்த எண்கள். வெற்றுத் தாள் இல்லை. புது நோட்டு வாங்கினேன்.

புது நோட்டில் முதல் வரி: மே மாதம், காலாங். மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள், மூவரும் இடது பக்கம் கேட்டார்களாம். எடை சரியாக வர, என்னை வலது பக்கம் போகச் சொல்லிவிட்டார் கோச். ஆறாவது வரிசைதான், ஆனால் வலது. முடியாது என்று பத்து நிமிடம் வாதாடினேன். எடுபடவில்லை. அன்று முழுக்க என் துடுப்பு முன்னால் இருந்தவரின் துடுப்பில் டக் டக்கென்று இடித்தது.